சித்தி சொன்னது

பிற்பகல் நான்கு மணி வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக எடிட்டிங் அறைக்குள் நுழைந்து கணினித் திரையில் விழுகிறது. இதழியல் மாணவி உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். திரையில் அவளுடைய சித்தி, வாய் பாதி திறந்தபடி அசையாமல் நிற்கிறாள். துணி ஆலையில் இஸ்திரி போடும் பெண்களைப் பற்றிய மூன்று நிமிடப் படம். ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். படம் முழுக்கச் சித்திதான் பேசுகிறாள். சற்றுமுன் அவள் போனில் அழைத்திருந்தாள். "படம் எடுக்கறது சூப்பர்வைசர் காதுக்கு எட்டிருச்சும்மா. சொன்னதெல்லாம் நெசம்தான். ஆனா நான் சொன்னதா இருக்க வேண்டாம், வேலை போயிடும்." கேமரா பிடித்த தோழி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "மூஞ்சிய மட்டும் மறைச்சா போதாதா?" என்கிறாள். "குரல வச்சே கண்டுபிடிச்சிடுவாங்கடி." சித்தியின் பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்கிறாள் மாணவி. பிறகு கண்ணைக் கசக்கிவிட்டு முகத்தை அழிக்கிறாள், குரலை அழிக்கிறாள். ஆலை வாசலும் ஆவி படிந்த ஜன்னல்களும் மட்டும் மிஞ்சுகின்றன. தாளை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குள் போய்த் தானே வாசிக்கிறாள். "பத்து மணி நேரம் நின்னா, கால் இருக்கான்னு குனிஞ்சு பார்த்துக்குவேன்." கண்ணாடிக்கு அப்பால் தோழி ஹெட்போனைக் கழற்றுகிறாள். "ரொம்ப அலுத்துப்போன மாதிரி கேக்குது. இன்னொரு தடவை படிக்கிறியா?" மாணவி சுவரில் சாய்ந்துகொள்கிறாள். "இருக்கட்டும். சித்தியும் இப்படித்தான் சொன்னாங்க."