எட்டாங்கட்டை ஸ்டேஷன் காலியாகிறது

"மெல்ல, மெல்ல! கடிகாரத்தை மெல்லத் தூக்குங்கோ. அது அரசாங்கத்துச் சொத்து!"

ஸ்டேஷனில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி சிவசம்பு கூவிக்கொண்டே வாசலுக்கும் லோரிக்கும் இடையில் ஓடினார். ஐம்பது வயதுக்காரர் ஓடுகிற ஓட்டமா அது! கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன்கூட அப்படித் துள்ளமாட்டான்.

துள்ளாமல் என்ன செய்வார்? கிள்ளான் சாலையில் எட்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த எட்டாங்கட்டை போலீஸ் ஸ்டேஷனை மூடி, கிள்ளான் ஸ்டேஷனோடு சேர்க்கப்போகிறார்கள். ரப்பர் விலை விழுந்துபோனதால் செலவைக் குறைக்கிறார்களாம். ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தபோது, சிவசம்பு ஒருத்தர்தான் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஊருக்குக் கொடுத்தார்.

மூடல் உத்தரவோடு அவருக்கு மாற்றலும் வந்திருந்தது, அதுவும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு! மனைவி மீனலோசனியும் இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆறு வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார் மனுஷர். மாற்றல் கேட்டு அவர் போட்ட மனுக்கள் மட்டும் பதினேழு.

உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. கோலாலம்பூர் ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வரும். ஸ்டேஷன் சாமானில் ஒன்றுகூடக் குறையாமல் ஒப்படைக்கவேண்டும். குறைந்தால் பிரிக்பீல்ட்ஸ் கிடையாது, கிள்ளானிலேயே கிடக்கவேண்டியதுதான்.

"குறையிறதாவது! குண்டூசிக்குக்கூடக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டன்" என்று நல்லம்மாளின் காப்பிக்கடையில் ஒரு வாரமாகத் தம்பட்டம் அடித்தார். என்னென்ன சாமான், எந்த வாரம், எங்கிருந்து ஆள் வருகிறது எல்லாம் அங்கே காப்பி குடித்த அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

கையெழுத்து விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. புகார் கொடுக்க வந்தவனோ, பிடிபட்டு வந்தவனோ, அவருக்கு எல்லாரும் ஒன்றுதான். புத்தகத்தில் கவிழ்ந்த தலை நிமிராது. "பேர்? தகப்பன்ரை பேர்? இஞ்சை கையெழுத்து" என்பதோடு சரி.

"கிராணியாரே, அடுத்தது என்னா?" என்றார் ஹெட் ஆபீஸ் கிளாரன்ஸ். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் பென்சில். வரவேண்டிய ஆள் இரண்டு நாள் முந்தியே லோரியோடு வந்து இறங்கியதில் சிவசம்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பெரிய மேசை ஒண்டு, நீள வாங்கு மூண்டு, டைப்ரைட்டர் ஒண்டு, சைக்கிள் ரெண்டு, கைவிலங்கு நாலு சோடி. மூண்டு பிரதியிலையும் கையெழுத்து வையுங்கோ ஐயா."

கிளாரன்ஸ் முகம் சுளிக்காமல் மூன்றிலும் போட்டார்.

"லாக்கப்பிலை ரெண்டு கம்பளி கிடக்கு" என்று சிவசம்பு சாவியைத் திருப்பினார். கதவு அசையவில்லை. போன மாதம் வந்த கார்ப்பரல் ஒஸ்மான் தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. அந்தக் கதவு எப்போதும் அப்படித்தான் மக்கர் பண்ணும்.

"கொஞ்சம் தள்ளுங்கலா" என்றார் கிளாரன்ஸ். கீழ்க்கம்பிக்கு முழங்காலைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி இழுத்தார். கதவு மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

"பாத்தீரா ஒஸ்மான்? ஹெட் ஆபீஸ் எண்டால் ஹெட் ஆபீஸ்தான்!" என்று சிவசம்பு பூரித்துப்போனார். மலாய்க்காரரான ஒஸ்மானுக்கு அவர் தமிழ் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

மத்தியானத்துக்குள் ஸ்டேஷன் வெறும் சுவராகிவிட்டது. பாரம் தாங்காமல் லோரி கிளம்ப அடம்பிடித்தது. கிராணியும் கார்ப்பரலும் பின்னால் நின்று, "ஏலேலோ" போடாத குறையாகத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். கிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே போனார். கையோடு சிவசம்பு கிள்ளானுக்கு ஓடி, மீனலோசனிக்கு ஒரு தந்தி அடித்தார்: எல்லாம் முடிந்தது, வருகிறேன், கத்தரிக்காய்க் குழம்பு வை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், மாற்றல் கடிதம் வந்துவிடும் என்று கோட்டும் தலைப்பாகையுமாக ஸ்டேஷன் வாசலில் தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். உட்கார வேறு எதுவும் இல்லை. மடியில் கையெழுத்துப் பிரதி இருந்தது. அந்தக் கையெழுத்தை முன்னமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. பெரிய உத்தியோகத்தர் கையெழுத்தெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் வாய் நிறையச் சிரிப்போடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சிவசம்புதானே? நான் இருதயம், ஹெட் ஆபீஸ். உங்க பிரிக்பீல்ட்ஸ் மாத்தல் இந்தா என் பையிலேயே இருக்கு. நான் கையெழுத்து போட்டா நீங்க இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்!"

சிவசம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் நல்லாயிருக்கோணும் ஐயா!" என்று பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பேப்பரு கெடக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று அவர் தோளில் கைபோட்டு, ஸ்டேஷன் வாசற்படியை நோக்கி அழைத்துப்போனார் இருதயம்.

"வாங்க, மொதல்ல சாமானை எண்ணிருவோம். லோரி நாளைக்குத்தான் வருது."