ஓவர்லோடு

கணவர் குளிக்கப் போனதும் அவள் பால்கனிக்கு வந்தாள். டிபன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்த மணலை அப்படியே அவருடைய முதுகுப்பைக்குள் கொட்டினாள். ஜிப்பை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காபி போடப் போய்விட்டாள்.

பக்கத்தில் ஏதோ கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் மருந்துக் கடை வேலை முடிந்து வரும்போது அங்கே கொட்டியிருக்கும் மணலைக் காலி டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். திருட்டுதான். ஆனால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர், இப்போது குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விடிந்ததும் பயிற்சிக்காகத் தானே கொஞ்சம் மணல் நிரப்பிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, படியேறி மொட்டை மாடி வரை போவார், வருவார், மறுபடி போவார். எல்லாம் பனிமலை ஏறத்தான்.

"பாதி வாழ்க்கை லிஃப்ட் குழிக்குள்ளேயே போயிடுச்சு. ஒரு தடவையாவது உசரத்துல நின்னு பார்க்கணும்."

இதைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. பனிமலையில் விழுந்தவர்கள், மூச்சு முட்டியவர்கள், விரல் போனவர்கள் என்று தேடித் தேடிப் படித்தாள். மகளிடம் சொல்லி அழுதால், அவளோ அப்பா கட்சி.

போகாதே என்று தடுத்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். தானாகவே முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டால் யார் மேலும் பழி இல்லை. அதற்குத்தான் இந்த மணல்.

வேலை செய்யாமல் இல்லை. நாளாக ஆக, படியில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. சட்டை தொப்பலாக நனைந்தது. ஒருநாள் பையை இறக்கி வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"பை நாளுக்கு நாள் கனக்குதே?"

"வயசாகுதுல்ல," என்றாள், முகத்தைக் காட்டாமல்.

முட்டிக்குத் தேய்க்கும் களிம்பை அவளே கடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஏறினார். மனுஷன் விடுவதாக இல்லை. என் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா, கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டிவிட்டு அன்றைக்கும் டப்பாவை நிரப்பினாள்.

கடைசியில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியே விட்டார்.

அவர் போன பிறகு பால்கனியைப் பெருக்கலாம் என்று, அவர் விட்டுப் போன மணல் பையைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. மகளும் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவரும் சேர்ந்து இழுத்ததில் பை தரையோடு கொஞ்சம் நகர்ந்தது.

"இதையாம்மா அப்பா தினமும் தூக்கினார்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போகவிடாமல் செய்ய நினைத்து, முட்டியைத் தேய வைத்து அல்லவா அனுப்பியிருக்கிறோம்? நடுமலையில் கால் மடங்கினால்? விழுந்தால் அது மலை தள்ளியதா, இவள் தள்ளியதா?

மலையில் பனிப்புயல் என்று செய்தி வந்தது. போன் போகவில்லை. காய்ச்சல் மாத்திரை கேட்டவரிடம் இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார் கடை முதலாளி. அவள் கேட்கவில்லை. வீட்டில்தான் அந்தப் பை இருக்கிறதே.

மறுநாள் கடையில் கூட்டமான நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்.

"நல்லபடியா இறங்கிட்டேன்மா. உச்சியையும் பார்த்தாச்சு."

அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"கால் எப்படி இருக்கு? முட்டி?"

"அதெல்லாம் ஜம்முனு இருக்கு. கூட வந்த கணக்கு வாத்தியாருக்குத்தான் முடியல. திரும்பும்போது அவர் பையையும் நானே சுமந்துட்டு வந்தேன். பெரிசா ஒண்ணும் கனமா தெரியல."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. மருந்துச் சீட்டோடு நின்றவர்களையெல்லாம் மறந்துவிட்டு அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள்.

"உங்க பையில தினமும் மணலைப் போட்டது நான்தாங்க. முடியலைன்னு நீங்களே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

 அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"தெரியும்."

"என்னது?"

"லிஃப்ட்ல ஒரு ஆள் கூடுதலா ஏறினாலே கண்டுபிடிக்கிறவன் நான். என் முதுகுல ஏறினது தெரியாதா? ரெண்டாவது நாளே தெரியும்."

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"அப்புறம் ஏங்க அதை எடுத்துக் கொட்டாம தூக்கினீங்க?"

"நீ பயந்துபோய் போட்டதுன்னு புரிஞ்சுது. உன் பயத்தையும் சேர்த்துத் தூக்க முடியலைன்னா, போகாம வீட்டோட இருந்துடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."