தடயத்தைத் தொடாதீங்க

பின்கதவில் யாரோ சுரண்டுகிற சத்தம்.

எலி என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் எலி இப்படி நிறுத்தி நிறுத்தி, யோசித்து யோசித்துச் சுரண்டாது.

இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். குழந்தை இப்போதுதான் கண் அசந்திருந்தது.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பதினோரு நாளைக்கு முன்னால் திருடன் நெம்பியதில் நிலையோடு பிய்ந்து வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரும் குக்கரும் போயின.

சரி பண்ணியிருக்கலாம்தான். ஆனால் ஸ்டேஷன் ரைட்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அது தடயம்மா. நாங்க வந்து பார்க்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது."

அவள் கான்வென்ட்டில் படித்தவள். தொடாதே என்றால் தொடமாட்டாள். கணவன் சுத்தியலை எடுத்தபோதுகூட, "கேஸ் நிக்காமப் போயிடுங்க" என்று பிடுங்கி வைத்துவிட்டாள். தினமும் இருட்டினதும் சாப்பாட்டு மேசையைத் தரதரவென்று இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். பார்க்க இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

மறுபடி சுரண்டல். ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சார், திருடு போன வீட்டிலேருந்து பேசறேன். பின்கதவுல யாரோ..."

"எந்தத் திருடும்மா? ஓ, குக்கர் கேஸா." ரைட்டர் எதையோ மென்றுகொண்டே பேசினார். "வண்டி மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கு. ஆள் யாருன்னு பார்த்து வைங்க. நானே கூப்பிடறேன்."

"பார்த்து வைக்கவா?"

"பேர் தெரிஞ்சா எங்களுக்குச் சுலபம்மா."

வைத்துவிட்டார்.

அன்றைக்கும் இதே சுலபம்தான். சந்தேகப்படுகிற ஆளின் பேர் இல்லாமல் புகார் வாங்கமாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். இடுப்பில் குழந்தை வீறிட்டு அழுதது. வாயில் வந்தது தெருமுனைப் பூட்டுக்காரர் பேர். அதையே புகாரில் எழுதிக் கொடுத்தாள். எப்போதோ ஒரு தடவை உள்ளே போய் வந்தவர் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அன்று சாயங்காலமே அவரை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு மட்டும் வண்டி இருந்தது. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"யாரது?" குரல் பாதிதான் வந்தது.

சுரண்டல் நின்றது.

"பயப்படாதீங்கம்மா. பூட்டுக்காரன்."

பயம் இரண்டு மடங்கானது. "இந்நேரத்துல எதுக்கு வந்தீங்க?"

"பகல்ல உங்க கதவுல நான் கை வச்சா தெரு சும்மா விடுமா? நிலை பிளந்திருந்தது. வெளிப்பக்கம் பட்டை வச்சு முடுக்கிட்டேன். தாழ்ப்பாள் உள்பக்கம் போடணும். மேசையைக் கொஞ்சம் நகர்த்தினா தர்றேன். நான் உள்ளே வரலை. நீங்களே போட்டுக்குங்க."

"அதைத் தொடக்கூடாது. ரேகை எடுக்க வருவாங்க."

வெளியே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். "என் ரேகை அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும்மா. பத்து விரலும்."

குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு மேசையை நம்புவது? ஒரு சாண் நகர்த்தினாள்.

இடுக்கு வழியாகப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. பின்னாலேயே ஸ்க்ரூ டிரைவர், கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி. அதை நீட்டிய கையில் இரண்டு நகம் கறுத்துப்போயிருந்தது.

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். முதல் ஸ்க்ரூ ஏறியது. இரண்டாவதும் ஏறியது.

"நான்தான் உங்களைச் சொன்னேன்" என்றாள், கதவைப் பார்த்தபடி.

"தெரியும்மா. படிச்சுக் காட்டிட்டுத்தான் அடிச்சாங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருந்தது."

மூன்றாவது ஸ்க்ரூ கை நழுவி உருண்டது.

"மெதுவாப் போடுங்க. அவசரமில்லை."

போன் அடித்தது.

"வண்டி வந்துடுச்சும்மா" என்றார் ரைட்டர். "ஆள் யாரு, அந்தப் பூட்டுக்காரன்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து நிமிஷத்துல தூக்கிடறோம்."

போன் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். இடுக்கில் தெரிந்த நிழல் அசையவில்லை. ஓடவும் இல்லை. இந்தக் காலோடு எங்கே ஓடுவது?

"யாருமில்லை சார். எலி."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் சார். அப்புறம், தாழ்ப்பாளை நானே போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டும்மா போட்டீங்க? தடயத்தையே அழிச்சுட்டீங்க. இனிமே திருடன் கிடைக்கலேன்னா எங்களைக் குத்தம் சொல்லாதீங்க."

கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை இடுக்கு வழியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் அவ்வளவு செஞ்சும், எனக்காக வந்து..."

"உங்களுக்காக யாரும்மா வந்தது?" அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இந்த வீட்டுல இன்னொரு தடவை திருடு போனா போலீஸ்காரங்க இங்கேயா வரப்போறாங்க? நேரா என் வீட்டுக்குத்தான். நல்லா இழுத்துப் போடுங்க. தினமும் நீங்க மேசை இழுக்கிற சத்தம் கேட்டு நானும் தூங்கி நாளாச்சு."

அவள் கதவைச் சாத்தி, தெருமுனை வரைக்கும் கேட்கட்டும் என்று தாழ்ப்பாளைச் சத்தமாகப் போட்டாள்.