ஆறு நிமிஷமும் பதினைந்து விநாடியும்

என் வீட்டுக்காரர் கிணற்றில் குப்புற மிதந்துகொண்டிருந்தார். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிஷம். தோளைத் தொட்டேன். சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

மூச்சடக்கி மிதப்பதற்கும் போட்டி இருக்கிறது, நம்புங்கள். ஆறு நிமிஷம் தாக்குப்பிடித்து, வெட்டு ஒட்டு இல்லாத வீடியோவை இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். பங்குனி பிறந்தால் என் வீட்டுக்காரர் பாண்டிச்செல்வத்துக்கு நாற்பது. அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

இதற்காக மனிதர் படாத பாடு பட்டார். நானும்தான். மில் பஸ்ஸில் ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரை மூச்சு விட மாட்டார். வீட்டுக்கு வந்ததும் டிரம்மில் பார் ஐஸைப் போட்டுக் கழுத்துவரை உட்கார்ந்துகொள்வார். உடம்பு தேறுவதற்காம். மனசில் ஒன்றுமே இல்லாமல் இருக்கவும் பழக வேண்டுமாம். அது மட்டும் அவருக்குச் சிரமமில்லாமல் வந்துவிட்டது.

கஷ்டம் மூச்சில் இல்லை, ஊரில் இருந்தது. முதல் தடவை நாலாவது நிமிஷத்தில் ஆடு மேய்க்கிற பால்ச்சாமி குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அடுத்த தடவை தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. ‘பிணம் இல்லை, பயிற்சி’ என்று அட்டையில் எழுதி வைத்தோம். நின்று படித்துவிட்டுக் குதிக்கிற ஊரா இது?

அதனால்தான் பிளெக்ஸ் அடித்தோம். எட்வின் கடையில் கொடுத்தது. இவருடைய போட்டோ, பெயர், ‘இன்று காலை பத்து மணி, தளவாய்புரம் ரோட்டுக் கிணறு.’ போட்டோவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலையில் அதைப் பார்த்துவிட்டு இவர் எட்வினைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கழற்ற நேரமில்லை. கிணற்றில் இறங்கிவிட்டார்.

மூன்றாவது நிமிஷத்தில் மேலே முதல் மாலை வந்தது. அப்புறம் ஒரு வேன் நிறைய ஆட்கள். எட்டிப் பார்த்தார்கள். குப்புறக் கிடக்கிறார். “ஐயோ” என்று மாரில் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒருத்தர்கூடக் குதிக்கவில்லை. போலீஸ் வராமல் பிணத்தைத் தொடக் கூடாது என்று ரிட்டயர்டு ஏட்டு ஐயாதுரை ரெண்டு கையையும் விரித்துத் தடுத்துவிட்டார். உயிரோடு இருக்கிறவனைத்தான் இந்த ஊர் சும்மா விடாது.

சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று தலையை விரித்துப் போட்டு அழ ஆரம்பித்தேன். மணியையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

“நாலு நிமிஷமாச்சே என் ராசா! இன்னும் ரெண்டே ரெண்டு இருக்கே என் ராசா!”

சுண்டுவிரல் அசைந்தது. மேலே இருந்த பெண்கள் என்னோடு சேர்ந்து அழுதார்கள்.

ஐந்தாவது நிமிஷத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அண்ணன் முத்துப்பாண்டி படியிறங்கி வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேட்டரி கடை வைத்திருக்கிறார். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆறு வருஷமாக அந்த அரை மணி நேரம் அவருக்கு வாய்க்கவில்லை. என் மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமனை நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டாமா? பயிற்சி கெட்டுவிடும் என்று இவர் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். அண்ணன் வரவில்லை. பிள்ளை யாரோ ஒருத்தர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவர் கையில் துணிக்கடைப் பை. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீடு எடுத்து வருகிற கோடிச் சேலை. வெள்ளையில் எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. மயில் கழுத்து நிறம். சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த நிறம்.

அதற்குப் பிறகு நான் அழுதது நடிப்பில்லை.

“ஏட்டி யுவராணி!” அண்ணன் என் தலையைக் கட்டிக்கொண்டு கதறினார். “காதுகுத்துக்குத்தான் வாட்ஸ்அப்பு. சாவையுமா பிளெக்ஸ்ல பாத்துத் தெரிஞ்சுக்கிடணும்? ஒரு ஆளு நேர்ல வந்து சொல்லக் கூடாதா?”

ஆறு நிமிஷம், நாலு விநாடி. இவர் தலையைத் தூக்கினார்.

மேலே ஒரே அலறல். மாலைகள் கிணற்றுக்குள் விழுந்தன. முதலில் ஓடியது ஏட்டு ஐயாதுரைதான்.

தலையைத் தூக்கிய பதினைந்து விநாடிக்குள் போன் கேமராவைப் பார்த்து “நான் நல்லா இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். முதல் வார்த்தையே அதுதான். வேறு ஏதாவது சொன்னால் ஆட்டம் போச்சு. இவர் தூக்கத்தில்கூட அதைச் சொல்லிப் பழகியவர்.

அண்ணன் இவரையே பார்த்தார். முகம் வெளுத்து, அப்புறம் கறுத்துப்போனது. பையைப் படியில் வைத்தார். திரும்பி ஏற ஆரம்பித்தார்.

ஏழு. எட்டு. ஒன்பது.

இவர் கேமராவைப் பார்த்தார். அண்ணனின் முதுகைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“வாங்க மச்சான்” என்றார். குளிரில் பல் தந்தியடித்தது. “பத்திரிகைய நேர்ல வந்து வச்சிருக்கணும். தப்புதான்.”

அண்ணன் நின்றுவிட்டார். விநாடி பதினைந்தைத் தாண்டியது. நான் போனை அணைத்தேன்.

அண்ணன் மெதுவாக இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை இவரிடம் நீட்டினார்.

“எந்தக் கூறுகெட்ட பய மாப்ள வெளக்கப் போட்டது?”

“எட்வின்” என்றார் இவர், தலையைத் துவட்டிக்கொண்டே.

பாவம், எட்வின். “அக்கா, வெளக்கு வச்சா வேற மாதிரி ஆயிரும்க்கா” என்று ரெண்டு தடவை சொன்னான். ஆகட்டும், வை என்றேன். இன்னொன்றும் அடித்து, விடியும் முன்னே ஸ்ரீவில்லிபுத்தூரில் பேட்டரி கடைக்கு எதிரே கட்டச் சொல்லிக் கயிறு கொடுத்துவிட்டதும் நான்தான்.