பத்து மணி ஏரோப்ளேன்

தன் குதிரையின் மேல் ஷரீஃப் ஒருநாளும் ஓங்காத சாட்டை, இன்று அவன் முதுகிலேயே விளையாடியது. அவன் கையிலிருந்து பிடுங்கி வீசியவர் மயிலாப்பூர் நாகராஜ்.

"எங்கேடா கொண்டுபோய் விட்டே என் பெண்டாட்டியை?"

"எனக்கு இன்னா தெரியும் சாமி? நான் ஜட்கா ஓட்டறவன்."

மறுபடியும் சாட்டை. இந்தத் தரம் கன்னத்தோடு காதும் கிழிந்தது. அவன் சவாரிக்குக் காத்திருந்த பரங்கிமலை விமான மைதானத்து வேலியோரம் நின்ற ஜனம், மோட்டாரில் வந்த பெரிய மனிதரைத் தடுக்கத் துணியாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

"விடிகாலையில ஜெயலக்ஷ்மி உன் வண்டியில ஏறினதை எதிராத்துக்காரன் பார்த்திருக்கான். நாலு வயசுக் குழந்தையை விட்டுட்டு ஓடியிருக்கா! கையில கிடைச்சா கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டுத்தான் மறுவேலை!"

சொன்னால் செய்கிறவர்தான். போன ஐப்பசியில் அவள் மணிக்கட்டை ஒடித்த கை அது. கட்டுப்போட அவளை அழைத்துப் போனதும் ஷரீஃபின் வண்டிதான். அதனால் வாயைத் திறக்காமல் வாங்கினான், பாவம்.

பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. மைதானத்தில் ஏரோப்ளேன் உறுமத் தொடங்கியபோதுதான் அவன் உடைந்தான்.

"போதும் சாமி! திருச்சி ரயில்ல ஏத்திவுட்டேன். ஏழு மணி வண்டி. அங்க அவங்க சிநேகிதி ஊடு கீதாம். இனிமே உங்களால புடிக்க முடியாது, வுட்டுருங்க..."

"முட்டாள்! அந்த வண்டி போய்ச் சேர சாயங்காலம் அஞ்சு ஆகும்." நாகராஜ் சிரித்துக்கொண்டே டிக்கெட் அறைக்கு ஓடினார். "திருச்சிக்கு எத்தனை நேரம்?"

"இருநூறு மைல் சார், ரெண்டே மணி நேரம். பத்துக்குக் கிளம்பினா பன்னண்டுக்கு இறங்கிடலாம். ஒரு இடம் காலியா இருக்கு," என்றார் குமாஸ்தா. "ஆனா திரும்பி வர ப்ளேன் அடுத்த வாரந்தான். ராத்திரி ரயிலைப் பிடிச்சா நாளைக்குக் காலையில..."

"திரும்பறதைப் பத்தி உன்னை எவன்யா கேட்டான்?"

ஷரீஃபின் முகத்தில் காறித் துப்பிவிட்டு நாகராஜ் ஏறினார். "அஞ்சு மணிக்கு ப்ளாட்பாரத்துல நிப்பேன். அவ கால் தரையில படாது!"

ஏரோப்ளேன் தெற்கே ஒரு புள்ளியாகி மறைந்தது.

"அடிக்குப் பயந்து ஒரு பொம்பள உசிர வித்துட்டியேடா, கய்தே," என்றார் கூட்டத்தில் ஒருவர். ஷரீஃப் விலாவைப் பிடித்துக்கொண்டு வண்டியில் தொற்றி ஏறினான்.

மயிலாப்பூர்ச் சந்தில், வீட்டு வாசலில் ரத்தமாய் இறங்கியவனைக் கண்டு அவன் மனைவி அமீனா பீ அலறினாள்.

"ஏரோப்ளேன் ஏறிட்டாரு. நாளக்கி காலீல வரிக்கும் வரமாட்டாரு," என்றான் ஷரீஃப். "அம்மாவக் கெளம்பச் சொல்லு. அவங்க ஊட்டுக்குப் போயி கொளந்தைய எடுத்துக்கினு பம்பாய் மெயிலுக்குப் போய்டலாம்."

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஜெயலக்ஷ்மி வந்தாள்.

அமீனா பீ கணவனின் முகத்தைத் துடைத்தபடியே அழுதாள். "மொத அடீலயே திருச்சின்னு சொல்லித் தொலச்சா இன்னாவாம்?"

ஜெயலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பத்து அடிக்கு முன்னாடி எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார், அக்கா. நேக்குத் தெரியும்."