லீனாவுக்கு எழுதிய வழி

இன்றைக்கு லீனாவுக்கு எழுத இசக்கிசெல்வியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

கம்ப்யூட்டர் லேபில் இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு பேருக்கும் ஜெர்மனியில் ஆளுக்கொரு சிநேகிதி. பக்கத்தில் ஜெப்ஸி தன் சிநேகிதிக்குத் தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முன் மேசையில் ஜீவமணி டீச்சர் எப்போதும்போல லேப்டாப்பில் குனிந்திருந்தார்.

ஜெர்மன் படித்தால் அங்கேயே நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று, சாகுபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாதான் அவளை நாசரேத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.

பாடத்தோடு இந்த ஏற்பாடும் வந்தது. இங்குள்ள பிள்ளைகளும் அங்குள்ள ஒரு பள்ளிப் பிள்ளைகளும் இணையத்தில் வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். முகம் பார்த்துப் பேச முடியாது. அதற்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

முகம் தெரியாவிட்டால் என்ன. லீனாவைப் போல ஒருத்தி இசக்கிசெல்விக்கு வாய்த்ததில்லை. தப்பைத் திருத்தும்போதுகூட மனம் நோகாமல் திருத்துவாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று லீனா கேட்டாள்.

இரண்டு வருஷமாக இசக்கிசெல்வியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அக்கா சந்தனச்செல்வி கூட வேலை பார்த்த பெவினைக் கட்டிக்கொண்டு போன நாளிலேயே அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். இவர்களோடேயே இருக்கும் மாரிராஜ் மாமா, கண்ட இடத்தில் வெட்டுவேன் என்றார். அதன்பிறகு அந்தப் பெயர் வீட்டில் புழங்கவில்லை.

தமிழில் வாய்க்குள்ளேயே கிடந்ததெல்லாம் ஜெர்மனில் சுலபமாக வந்தது. அந்த மொழியில் அக்கா என்பது இரண்டாம் பாடத்தில் வருகிற ஒரு சொல், அவ்வளவுதான். அக்காவும் பெவினும் திருப்பூரில் இருப்பதை எழுதினாள். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதை எழுதினாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் கோபம் என்று எழுதினாள்.

வெட்டுவேன் என்பதற்கு மட்டும் அவளுக்கு ஜெர்மன் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

அடுத்து வழி சொல்லும் பாடம் வந்தது. உனக்குப் பிடித்த ஒரு வீட்டுக்கு எனக்கு வழி சொல்லேன் என்று லீனா எழுதியிருந்தாள். கோ-கோ போட்டிக்குத் திருப்பூர் போனபோது யாருக்கும் தெரியாமல் ஒருமுறை போய்வந்த அக்கா வீட்டுக்குத்தான் வழி எழுதினாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராகப் போ. பேக்கரி வந்ததும் இடது பக்கம் திரும்பு. பச்சை கேட், மாடி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இசக்கிசெல்வி எழுந்து வந்தபோது அம்மா தொட்டில் கட்டப் பழைய சேலையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராகப் போ. பேக்கரி வந்ததும் இடது பக்கம் திரும்பு.

தமிழில் இருந்தது. ஜீவமணி டீச்சரின் கையெழுத்து.

“முந்தாநாத்து பள்ளிக்கூடத்துக் கூட்டத்துல டீச்சர்தாம்ளா எழுதித் தந்தாவ. அப்பாவும் மாமாவும் இதப் போன்ல படம் புடிச்சுக்கிட்டு கார்ல போயிருக்காவ. பிள்ளையோட கூட்டிட்டு வந்துருவாவ.”

மாமாவின் அரிவாள் தொங்கும் ஆணியில் ஒன்றும் இல்லை. அம்மா அந்தப் பக்கமே திரும்பியிருக்கவில்லை.

இசக்கிசெல்வி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அக்காவைக் கூப்பிட்டு, உடனே வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னாள். அக்கா அழவில்லை, பதறவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“ஒன்னத் தவிர யாரும் இங்கன வந்ததில்லயே, ஏளா. வழி எப்படித் தெரிஞ்சுது?”

அந்தக் கேள்வியோடு போன் அணைந்தது. அதன்பிறகு அந்த எண் எடுபடவே இல்லை.

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வீடு பூட்டியிருந்ததாம். கொடியில் குழந்தைத் துணி ஈரம் காயாமல் கிடந்ததாம். அம்மா சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

இசக்கிசெல்விக்குப் புரிந்துவிட்டது. லீனா அவளுடைய டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சர் இந்த டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். உயிரோடு உயிராக நினைத்தவள், போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது அந்த ஒரு வார்த்தையைத் தட்டினாள். ஏன் என்பதற்கு ஜெர்மனில் ‘வாரும்’. முதல் வகுப்பில் டீச்சர் அதைச் சொன்னபோது, கோயில் ஜெபத்தில் ‘வாரும் ஆண்டவரே’ என்று சொல்வதுபோல இருக்கிறதே என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அனுப்பினாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. எப்போதும்போலப் பதில் வர ஒரு வாரம் ஆகும்.

முன் மேசையில் டீச்சரின் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது.

இசக்கிசெல்வி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் லீனாவின் பெயரில் பதில் வந்திருந்தது. தமிழில்.

“உங்கம்மா என் முன்னால உட்கார்ந்து அப்படி அழுதாங்க, இசக்கி. நல்லதுன்னு நினைச்சுத்தான் எழுதிக் கொடுத்தேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் தலை தூக்கவில்லை. அவர் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

திரையில், லீனா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது.