பார்க்காமல் எழுதிய அளவு

செம்மலரும் அவள் கணவன் நன்மாறனும் ஒரு விண்நிலையத்தில், வயது ஏறாத உறைதூக்கத்திலிருந்து, ஐந்நூறு வருஷத்துக்கு ஒருவராக மாறிமாறி விழிப்பார்கள். எதிரே கிடந்த இருண்ட வாயுமேகத்தின் கரு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிவிட்டு மறுபடி உறங்கப் போவார்கள். கரு உள்நோக்கிச் சரியத் தொடங்கினால் மற்றவரையும் எழுப்ப வேண்டும். ஒரு நட்சத்திரம் பிறக்கும் அந்த வேளையைப் பார்க்கத்தான் நன்மாறன் ஊரையும் உறவையும் விட்டு வந்திருந்தான்.

போன முறை விழித்தபோது செம்மலருக்குக் கைகால் விறைத்திருந்தன. இரண்டு லட்சம் வருஷமாக இம்மியளவே மாறியது இன்றைக்கா மாறிவிடப் போகிறது என்று பழைய அளவையே எழுதிவிட்டுப் படுத்துவிட்டாள்.

இப்போது நன்மாறன் அவளை உலுக்கி எழுப்பினான். திரையில் செம்புள்ளியாக நட்சத்திரம் பிறந்து கிடந்தது.

"தவறவிட்டுட்டோம், செம்மலர். நீ பாத்துட்டுப் படுத்ததுமே ஆரம்பிச்சிருக்கும். நமக்குக் குடுத்து வைக்கல. நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத."

அவன் தன்னைத் தேற்றியதுதான் அவளுக்குத் தாளவில்லை. முகம் கூசித் தலை குனிந்தது.

"நான் பாக்கவே இல்லங்க. சும்மா எழுதிட்டேன்."

அவன் திட்டவில்லை. குறிப்பேட்டை எடுத்து அவள் முன் வைத்தான்.

"அத எழுதிடு. பின்னாடி வர்றவங்க இத நம்பித்தான் படிப்பாங்க."

எழுதினாள். முடித்ததும் அவன் குனிந்து, இத்தனை காலத்தில் முதன்முறையாக, அவள் எழுதியதைச் சரிபார்த்தான்.